ஒரே ஓர் ஆட்டத்திற்கு இளஞ்சிவப்புச் சட்டை: எங்கள் குழு இரண்டுபட்டு நிற்கிறது

கட்டபெட்டு மட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்க் கிரிக்கெட் குழுவிற்கு ஏழு ஆண்டுகளாக நான் செயலாளர். குழு தொடங்கிய நாளிலிருந்து எங்கள் சட்டை கருநீலம்தான். தோளிலிருந்து கைவரை ஒரு வெள்ளைக் கோடு, முதுகில் எண், அவ்வளவே. வருகிற பருவத்தில் ஓர் ஆட்டத்தில் மட்டும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து ஆடலாம் என்று இளைஞர்கள் சிலர் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டவர்களுள் ஒருவருடைய தாயார் சென்ற ஆண்டு அந்நோயால் காலமானவர் என்பதால் முகத்துக்கு நேரே யாரும் மறுக்கவில்லை. கூட்டம் முடிந்து தேநீர்க் கடைக்கு வந்த பிறகுதான் பேச்சு இரண்டாகப் பிரிந்தது.

மூத்த ஆட்டக்காரர்கள், நீலச் சட்டை என்றால் இன்ன ஊர் என்று மலை முழுதும் தெரியும், அதை ஒரு நாளுக்காகக் கழற்றுவானேன் என்கிறார்கள். பெரிய அணிகளே செய்யும்போது நமக்கென்ன தடை என்பது இளைஞர்களின் வாதம். பொருளாளரோ இரு தரப்பையும் விட்டுவிட்டுக் கணக்குப் பேசுகிறார்: திருப்பூரில் அச்சிட்டு வாங்கினால் சட்டை ஒன்றுக்கு 350 ரூபாய், பதினாறு பேருக்கு 5,600 ரூபாய், அந்தப் பணத்தை அப்படியே ஒரு நோயாளியின் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு நீலத்திலேயே ஆடினால் என்ன என்று கேட்கிறார். இதற்கிடையே நகரில் கடை வைத்திருக்கும் ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் நெஞ்சில் அவருடைய கடைப் பெயர் பெரிதாக இருக்க வேண்டுமாம்; ரிப்பன் சின்னத்தைக் கைப்பக்கம் சிறிதாகப் போட்டுக்கொள்ளலாமாம்.

பொருளாளருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை; இளைஞர்களை மறுக்கவும் மனம் வரவில்லை. உங்கள் குழுக்களில் இப்படி நிறம் மாற்றி ஆடியதுண்டா? அதனால் ஏதேனும் நடந்ததா, அல்லது படம் எடுத்துப் பகிர்ந்ததோடு முடிந்துவிட்டதா? உலகமெங்கும் அக்டோபரில்தான் செய்கிறார்கள், நாமும் அக்டோபரில்தான் செய்ய வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நிற்கிறார். அக்டோபரில் எங்கள் மைதானம் எந்த நிலையில் கிடக்கும் என்பதை இம்மலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.


குன்னூர் மஞ்சள் படை எழுதியது:

செயலாளர் அண்ணாவுக்கு வணக்கம். என் வாக்கு இளைஞர்களுக்கே.

தென்னாப்பிரிக்க அணி 2013 முதல் ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் ஒருநாள் ஆட்டம் ஒன்றை இளஞ்சிவப்பில் ஆடி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2015 ஜனவரி 18 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டிவில்லியர்ஸ் 31 பந்துகளில் சதம் அடித்தது அந்தச் சட்டையில்தான். அன்று நான் குன்னூரில் பேக்கரி ஒன்றில் நின்றபடி அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னீர்ப் பஃப்ஸை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர், எதற்காக இவர்கள் எல்லோரும் ரோஸ் கலரில் வந்திருக்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்காக என்று தயக்கமில்லாமல் பதில் சொன்னார். கடையில் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. பெரும்பாலும் ஆண்களே கூடிக் கிரிக்கெட் பார்க்கும் இடத்தில் அந்தச் சொல் உரக்க ஒலித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பத்து ரன் சராசரி வைத்திருக்கும் என்னைப் போன்ற ஒருவன் அதே செய்தியை மைக் வைத்துச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆட்டத்தின் வழியாகத் திரட்டிய பணம் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள சார்லட் மக்ஸேக்கே மருத்துவமனையின் மார்பகச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றது. சிட்னியிலும் இப்படித்தான். கிளென் மெக்ராவும் அவர் மனைவி ஜேனும் 2005இல் தொடங்கிய அறக்கட்டளை, மார்பகப் புற்றுநோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் செவிலியர்களைப் பணியில் அமர்த்துகிறது. ஜேன் 2008இல் இறந்துவிட, 2009 முதல் சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாள் அவர் பெயரால் வழங்கப்பட்டு மைதானமே இளஞ்சிவப்பாகிறது. சென்னையில் எம்.ஆர்.எஃப். மையத்தில் நம் பையன்களுக்கு வேகப்பந்து கற்றுக்கொடுக்கும் அதே மெக்ராதான் அவர். ஆகவே இதை யாரோ அயல்நாட்டார் விவகாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் டெல்லியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நம் பெண்கள் அணியும் இளஞ்சிவப்பில் இறங்கியது. ஸ்மிருதி மந்தனா 50 பந்துகளில் சதம் அடித்தார். ஆட்டம் கைநழுவியது வேறு விஷயம்.

ராசி பார்ப்பவர்களுக்காக ஒரு சொல். தென்னாப்பிரிக்கா அந்தச் சட்டையில் 2018 வரை தோற்றதே இல்லை. 2019 ஜனவரியில் பாகிஸ்தான்தான் அதை முறித்தது. மாறாக, கொரோனா முன்களப் பணியாளர்களுக்காக 2021இல் அபுதாபியில் நீலம் அணிந்து வந்த பெங்களூரு ஐ.பி.எல். அணி 92 ரன்களுக்குச் சுருண்டது. உங்கள் குழுவின் ராசிக்காரர்களுக்கு இவற்றில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்காட்டிச் சமாதானப்படுத்துங்கள்.


ஊட்டி உறைபனி எழுதியது:

மஞ்சள் படை நண்பர் டிவில்லியர்ஸின் சதத்தை முன்னே வைத்துவிட்டதால், அதற்கு எதிராகப் பேசுபவன் மனிதாபிமானம் இல்லாதவன் ஆகிவிடுகிறான். இருந்தாலும் பேசத்தான் போகிறேன்.

இளஞ்சிவப்பு ரிப்பன் எப்படி வந்தது என்பதை உங்கள் இளைஞர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்னும் மூதாட்டி, தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பீச் பழ நிறத்தில் ரிப்பன்களைக் கத்தரித்து, ஓர் அட்டையில் குத்தி ஊராருக்கு வழங்கினார். புற்றுநோய் ஆய்வுக்கு அரசு ஒதுக்கும் பணத்தில் நோய்த் தடுப்புக்கு ஐந்து விழுக்காடுதான் போகிறது, இதைச் சட்டமன்றத்தாருக்கு உறைக்கச் செய்யுங்கள் என்று அந்த அட்டையில் அச்சிட்டிருந்தார். பெண்கள் பத்திரிகை ஒன்றும் அழகுசாதன நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அந்த ரிப்பனைக் கேட்டபோது, இது வணிகமாகிவிடும் என்று சொல்லி அவர் மறுத்தார். அவர்கள் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். பீச் போய் இளஞ்சிவப்பு வந்தது. அட்டையில் இருந்த கேள்வியும் கூடவே போய்விட்டது.

அமெரிக்கக் கால்பந்து லீக் 2009 முதல் அக்டோபர் மாதத்தில் கையுறை, காலணி, துண்டு என எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கியது. அந்தப் பொருள்களை ரசிகர்களுக்கு விற்றதில் நோய் ஆய்வுக்குச் சென்ற பங்கு மிகச் சிறிது என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. இப்படிச் செய்வதற்குப் ‘பிங்க்வாஷிங்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் கடைக்காரர் கேட்பதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு. நெஞ்சில் கடை, கையில் நோய் என்றால் அது எந்த விளம்பரம் என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறோமா என்று குஞ்சப்பனையில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் மாவட்டம் இது. ஒரே ஒரு நாள் உடுத்திக் கழற்றுவதற்குப் பதினாறு பாலியெஸ்டர் சட்டைகளை மலைக்கு ஏற்றுவது எனக்கு உறுத்துகிறது. பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான்.

உங்கள் பொருளாளரின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மஞ்சள் படையாருக்கு நினைவிருக்கும்: 2019இல் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு சென்னை அணி, சேப்பாக்கத்தில் நடந்த தன் முதல் ஆட்டத்தின் வருமானத்தை உயிர்நீத்த சி.ஆர்.பி.எஃப். வீரர்களின் குடும்பங்களுக்கு அறிவித்தது. இரண்டு கோடி ரூபாய்க்கான காசோலையைத் தோனி கொடுத்தார். சட்டை மஞ்சளாகவேதான் இருந்தது.

கடைசியாக, ஒரு வீரர் எனக்கு வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? இங்கிலாந்தில் ஆடிய ஜேம்ஸ் மெக்ளீன் என்னும் அயர்லாந்துக் கால்பந்து வீரர் 2012 முதல் போர் நினைவுப் பாப்பிப் பூவை அணிய மறுத்து, ஒவ்வோர் ஆண்டும் வசை வாங்கினார். அந்தப் பூ நினைவுகூரும் பிரிட்டிஷ் இராணுவமே அவர் ஊரான டெர்ரியில் 1972இல் மக்களைச் சுட்டது என்பது அவர் காரணம். உங்கள் குழுவில் அப்படியொரு காரணம் இராது. ஆனாலும் அணியாதவரை ஒதுக்கமாட்டோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.


அரவங்காடு ஸ்கோரர் எழுதியது:

நோக்கத்தைப் பற்றி நண்பர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவன் என்ற முறையில் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணி ஏதோ ஒரு நற்செயலுக்காக வெளிர் ஊதா நிறத்தில் ஆடியது. குஜராத் அணி 2023இல் அகமதாபாத்தில் புற்றுநோய்க்காக லாவண்டர் அணிந்து ஆடியதைப் பார்த்துத்தான் இவர்களும் அந்த நிறத்தைப் பிடித்தார்கள். அகமதாபாத்தில் மின்விளக்கு உண்டு, மூடுபனி இல்லை. இங்கே பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் டீப் மிட்விக்கெட்டில் நின்றவர் மறைந்தார், பிறகு லாங் ஆன், பிறகு நடுவரும். கேட்ச் பிடித்துவிட்டதாக உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. பிடித்தவர் யார் என்று எழுத முடியாமல், ஆட்டம் முடிந்த பின் ஒவ்வொருவராகக் கேட்டு நிரப்பினேன். இரண்டு பேர் தாங்கள்தான் பிடித்ததாகச் சொன்னார்கள். கருநீலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை; பனியிலும் ஆள் கரும்புள்ளியாகவாவது தெரிவார்.

பந்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் பச்சை கலந்த மஞ்சள் டென்னிஸ் பந்துதான். மட்டையாளரின் கண் பந்தைப் பிடிப்பது பந்துவீச்சாளரின் கையிலிருந்து. சட்டைக் கையும் பந்தும் ஒரே வெளிறிய சாயலாக இருந்தால் அரை நொடி போய்விடும். பெரிய ஆட்டங்களில் வெள்ளைப் பந்து வீசுபவர் வெள்ளைக் கைப்பட்டை கட்டியிருந்தால் அதை நடுவர் கழற்றச் சொல்வது இதனால்தான். ஆகவே இளஞ்சிவப்பு என்று முடிவானால் வெளிர் ரோஜா நிறம் வேண்டாம். அடர்த்தியாக, பார்த்தவுடன் கண்ணில் அடிப்பதாக இருக்கட்டும். திருப்பூர்க்காரர் கைபேசியில் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள், துணித் துண்டைக் கேட்டு வாங்கி மாலை வெளிச்சத்தில் இருபத்திரண்டு கெஜம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.


கேத்திப் பள்ளத்தாக்கு எழுதியது:

நான் ஆட்டக்காரி அல்ல. என் மகன் ஆடுவதால் இங்கே வந்து படிப்பவள். தையல் தொழில் செய்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்குச் சிகிச்சை எடுத்தவள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டியை நான் கண்டது ஒரு மார்கழி மாதம். மருத்துவரிடம் காட்டியது ஆடியில். இடையில் எட்டு மாதம். வலி இல்லை, அதனால் பயமும் இல்லை. யாரிடம் சொல்வது என்ற கூச்சம் இருந்தது, தேயிலை பறிக்கும் சீசன் முடியட்டும் என்று வீட்டிலேயே ஒரு சாக்கும் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் தொலைக்காட்சியில் இளஞ்சிவப்பை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் அது என்னோடு பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர், அக்கா, வேறு ஏதாவது கட்டி, வீக்கம் உண்டா என்று போகிற போக்கில் கேட்டார். அன்றுதான் வாய் திறந்தேன். உறைபனி ஐயா சொல்வது இந்த அளவில் உண்மை.

ஆனால் அவர் சொல்வதை முழுதும் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. என் கணவரும் மகனும் அந்த எட்டு மாதத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பேக்கரியில் பேச்சு நின்றது என்று மஞ்சள் படைத் தம்பி எழுதியதைப் படித்தபோது, ஆண்கள் கூடும் இடத்தில் அந்தச் சொல் விழுவதற்குச் சட்டை உதவுமானால் உதவட்டும் என்றுதான் நினைத்தேன்.

செயலாளர் தம்பிக்கு இரண்டு வேண்டுகோள்கள். நோயிலிருந்து மீண்டவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தாதீர்கள். ஒரு விழாவில் என்னைக் கேட்காமலே என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று வீடு திரும்பியவள் ஒரு வாரம் கடைப்பக்கம் போகவில்லை. இரண்டாவது, புதுச் சட்டையே தேவையில்லை. உங்கள் நீலச் சட்டையில் தோளிலிருந்து கைவரை வெள்ளைக் கோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் அடர் இளஞ்சிவப்பில் இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டையை ஓடவிட்டுத் தைத்துவிடலாம். சட்டையின் இழுவை குறையாமல் இருக்க, துணியை மூலைவாக்கில் வெட்டிய பட்டையாக இருக்க வேண்டும்; நேர்வாக்கில் வெட்டினால் பந்து வீசும்போது தோளில் இழுக்கும். பட்டைக்கும் நூலுக்கும் சேர்த்துச் சட்டை ஒன்றுக்கு இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது. கூலி வேண்டாம். பருவம் முடிந்த பின் பிரித்துவிட்டால் வெள்ளைக் கோடு பழையபடி இருக்கும்.

அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் என் இடக் கை வீங்கும். அதற்காக முழங்கைக்கு மேல்வரை இறுக்கமான உறை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறேன். அது தோல் நிறத்தில் இருக்கிறது. வெளியே தெரியக்கூடாது என்றுதான் அந்த நிறத்தில் செய்கிறார்கள் போலும்.


கூடலூர் செவிலியர் எழுதியது:

கேத்தி அக்காவின் பதிவுக்கு என் வணக்கம். பழங்குடிக் குடியிருப்புகளில் பணியாற்றுபவள் என்ற முறையில் இரண்டொரு செய்தி சேர்க்கிறேன்.

நிறம் என்றதும் எல்லோரும் இளஞ்சிவப்பையே நினைக்கிறோம். இம்மலைக்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது. அதற்காக இங்கே ஓர் அணியும் சட்டை மாற்றி நான் பார்த்ததில்லை. அரிவாள் வடிவச் சிவப்பணுச் சோகை, சிக்கிள் செல் என்று சொன்னால் பலருக்கும் புரியும். இந்தியாவில் இந்த இரத்தக் குறை முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் அதை எழுதினார்கள். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. தாயும் தந்தையும் இந்தப் பண்பைச் சுமப்பவர்களாக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எலும்பைப் பிளப்பது போன்ற வலி வரும். குளிர் அதைத் தூண்டும், நீர்ச்சத்துக் குறைவும் தூண்டும். நம் மலையில் குளிருக்குப் பஞ்சமா? ஒன்றிய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. இந்நோய்க்கு மெரூனை ஒட்டிய கருஞ்சிவப்பை அடையாளமாகக் கொள்கிறார்கள். அதற்குரிய நாள் ஜூன் 19. ஜூனில் கூடலூரில் கிரிக்கெட் ஆடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தென்மேற்கு மழையில் மைதானம் குளமாகக் கிடக்கும்.

செயலாளரின் அக்டோபர் சிக்கலும் இதேதான். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் இறங்குகிறது. யாரோ ஒரு நாட்டின் நாள்காட்டிக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், அப்போது உங்கள் ஊரில் வானம் தெளிந்திருக்கும், மைதானம் காய்ந்திருக்கும்.

ஆட்டத்தன்று மைதானத்திலேயே மார்பகப் பரிசோதனை முகாம் வைக்கலாம் என்று யாரேனும் சொல்வார்கள்; வைக்காதீர்கள். இருநூறு ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் ஒரு பெண்ணும் அந்தக் கூடாரத்துக்குள் நுழைய மாட்டார். ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூட அறையில், பெண் பணியாளரை மட்டும் வைத்து நடத்துங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் கட்டணமில்லாமல் பரிசோதனை உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே கேட்டால் ஆளை அனுப்ப வழி செய்வார்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள். பயந்து வராமல் இருப்பவர்கள் அதிகம்.

எங்கள் பக்கத்து இளைஞர்கள் என்றேனும் கருஞ்சிவப்பில் ஆட முன்வந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிக்கிள் செல் சோதனையின் முடிவு ஊருக்குத் தெரிந்தால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சே நின்றுவிடக்கூடும். சட்டை பலரும் பார்க்க இருக்கலாம், சோதனைச் சீட்டு அவரவர் கையில்தான் இருக்க வேண்டும்.

பொருளாளரின் 5,600 ரூபாய்க்கும் ஒரு வழி சொல்கிறேன். சிகிச்சை அரசு மருத்துவமனையிலோ காப்பீட்டிலோ நடந்துவிடும். குடும்பத்தை முறிப்பது போக்குவரத்தும் தங்கலும்தான். கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் போக வேண்டியிருக்கும். கூடவே ஒருவர் போக வேண்டும், அவருடைய நாள்கூலியும் போய்விடும். உங்கள் நிதி பேருந்துக் கட்டணத்துக்கு என்று வைத்தால் நூறு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட முடியும்.


ஊட்டி உறைபனி எழுதியது:

புதுச் சட்டை இல்லை, பேருந்துக் கட்டணம் என்று நோக்கமும் தெளிவு என்றால் எனக்கு எதிர்ப்பில்லை. பீச் நிறத்தில் பட்டை வைத்தால் சார்லட் ஹேலிக்காக நானும் வந்து கைதட்டுவேன்.


குன்னூர் மஞ்சள் படை எழுதியது:

பீச் நிறம் மாலை வெயிலில் வெள்ளையாகத் தெரியும் என்று ஸ்கோரர் ஐயா சண்டைக்கு வருவார்.

சென்னை அணி 2021இல் செய்ததும் ஏறக்குறைய கேத்தி அக்கா சொல்வதைத்தான். மஞ்சளை மாற்றாமல், இராணுவத்தாரைப் போற்றும் வகையில் தோளில் மட்டும் அவர்களுடைய புள்ளிச் சீருடை வடிவத்தைச் சேர்த்தார்கள். எங்களில் யாருக்கும் மஞ்சள் போய்விட்டதாகத் தோன்றவில்லை. பணம் திரட்ட இன்னொரு வழி: ராஜஸ்தான் அணி 2024 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் முழு இளஞ்சிவப்பில் ஆடியபோது, இரு அணிகளும் அடிக்கும் ஒவ்வொரு சிக்ஸருக்கும் சாம்பர் பகுதியில் ஆறு வீடுகளுக்குச் சூரிய மின்விளக்கு என்று அறிவித்திருந்தது. உங்கள் கடைக்காரரைச் சிக்ஸர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். எதிரணி அடிக்கும் சிக்ஸருக்கும் நம் ஊர்க்காரர்கள் கைதட்டுவதைப் பார்க்கலாம்.


கட்டபெட்டு மட்டைக்காரன் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றுக் குழுவில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கேத்தி அக்காவின் பதிவைப் படிக்கும்போது மூத்தவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, பட்டை வைத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 4ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நீலச் சட்டையே, தோளில் இளஞ்சிவப்புப் பட்டை, விரும்புவோருக்கு மட்டும். அக்கா கூலி வேண்டாம் என்றாலும் பொருளாளர் அதற்கு ஒப்பவில்லை. கூலி குழுக் கணக்கிலிருந்து போகும், நிதியிலிருந்து அல்ல. நெஞ்சில் கடைப் பெயர் கிடையாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம். முகம் சுளித்தாலும் சிக்ஸருக்கு நூறு ரூபாய் என்பதற்கு ஒப்புக்கொண்டார். பெயரை ஸ்கோர்ப் பலகையின் கீழ் எழுதிக்கொள்ளலாம். வரவும் செலவும் எழுதிய தாளைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டுகிறோம், உதவி பெறுபவரின் பெயர் மட்டும் அதில் இராது. சனிக்கிழமை முகாமுக்குச் சுகாதார நிலையத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வர வேண்டும். மேடை, பொன்னாடை இரண்டும் இல்லை.

தாயாரை இழந்த அந்தத் தம்பியிடம், அன்று நீங்கள் இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று கேட்டோம். பேச வராது, முதல் ஓவரைக் கொடுங்கள் என்றார். இதுவரை நான்காவது ஆளாகப் பந்து வீசுபவர். கொடுத்துவிட்டோம்.

துணித் துண்டு வந்துவிட்டது. ஸ்கோரர் ஐயா சொன்னபடி மாலை ஐந்து மணிக்குப் பிடித்துப் பார்த்தோம், தெரிகிறது.


அரவங்காடு ஸ்கோரர் எழுதியது:

நல்லது. அன்று கணக்கு எழுத நானே வருகிறேன், தேநீர் மட்டும் போதும்.

ஒரு செய்தியைக் கடைக்காரரிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். உங்கள் மைதானத்தின் கீழ்ப்பக்க எல்லையைத் தாண்டினால் நேராகத் தேயிலைச் சரிவு. அந்தப் பக்கம் போகும் பந்து ஒரு முறை தரையில் பட்டுப் போனதா, நேராகப் போனதா என்பது மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் என்றால் சண்டை நிச்சயம். கீழே ஒரு பொது ஆளைக் கொடியோடு நிறுத்துங்கள். பந்தும் இரண்டு டஜன் கூடுதலாக வாங்கி வையுங்கள். பச்சை மஞ்சள் பந்து கொழுந்துக்குள் விழுந்தால் மறுநாள் இலை பறிக்க வருபவர்கள் கையில்தான் கிடைக்கும்.